செயின்ட் ஐவ்ஸ் முதல் பென்ஸான்ஸ் வரை: இருவர் சேர்ந்து நடக்க ஒரு கடலோர வழி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வாலின் கடைக்கோடியைச் சுற்றிக்கொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. செயின்ட் ஐவ்ஸ் என்ற சிறு துறைமுக ஊரில் தொடங்கி, லேண்ட்ஸ் எண்ட் முனையைக் கடந்து, பென்ஸான்ஸ் நகரில் முடியும் இந்தப் பகுதியின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 630 மைல் செல்லும் தென்மேற்குக் கடலோரப் பாதையில் இது ஒரு சிறு துண்டுதான். ஆனாலும் இரும்புக் காலக் கோட்டைகளின் கற்கரைகள், வெண்கலக் காலக் கல்லறை, கடலுக்கு அடியில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களின் இடிந்த கட்டடங்கள் ஆகியவை இவ்வளவு நெருக்கமாக அமைந்த வேறொரு கடற்கரையை நான் நடந்ததில்லை. செயின்ட் ஜஸ்ட் ஊரைச் சுற்றியுள்ள சுரங்க நிலப்பகுதி 2006ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் அடங்குகிறது.

நானும் என் கணவரும் இந்த வழியை இரண்டு முறை நடந்திருக்கிறோம். முதல் முறை வழிகாட்டிப் புத்தகங்களில் இருந்தபடியே நான்கு நாட்களில் முடிக்கத் திட்டமிட்டோம். முதல் நாளே 22 கிலோமீட்டர். அவர் வேகமாக நடப்பவர். நான் ஒவ்வொரு பழைய சுவருக்கும் நின்றுவிடுபவள். மாலை மங்கிய பிறகு, கைபேசி வெளிச்சத்தில், ஒருவரோடொருவர் பேசாமல் பெண்டீன் வந்து சேர்ந்தோம். இரண்டாம் முறை அதே தூரத்தை ஆறு நாட்களாகப் பிரித்துக்கொண்டோம். புதிதாகச் செல்லும் இணையருக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மணி நேரத்தில் இரண்டு அல்லது இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் கடக்க முடியாத இடங்கள் உண்டு. இடிபாடுகளுக்கு வேறு நேரம் வேண்டும். இருவரில் மெதுவாக நடப்பவரின் நடையே அன்றைய கணக்காக இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களே சிறந்தவை. மே மாதத்தில் பாறை விளிம்பெங்கும் இளஞ்சிவப்பு நிறத் திரிஃப்ட் பூக்கள் விரிந்திருக்கும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமில்லாமல் நடக்கலாம். ஆகஸ்டில் மேட்டு நிலம் முழுவதும் ஊதா நிற ஹெதரும் மஞ்சள் நிற கோர்ஸ் புதரும் கலந்து பூத்திருக்கும், ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அறை கிடைப்பது அரிது. குளிர்காலத்தில் பேருந்துகள் குறைந்துவிடும், பல விடுதிகளும் மூடப்பட்டுவிடும் என்பதால் புதியவர்கள் அந்தப் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது.

இந்தியாவிலிருந்து செல்பவர்கள் சாதாரணப் பார்வையாளர் விசாவில் போகலாம். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து பென்ஸான்ஸ் செல்லும் ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும்; இரவில் படுக்கை வசதியுள்ள ரயிலும் உண்டு. செயின்ட் ஐவ்ஸுக்குச் செல்ல, பென்ஸான்ஸுக்கு முன்பே செயின்ட் எர்த் நிலையத்தில் இறங்கிக் கிளை ரயிலுக்கு மாற வேண்டும். அந்தச் சிறிய ரயில் கழிமுகத்தையும் வெண்மணல் கடற்கரையையும் ஒட்டியே செல்லும்; போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். ரயில் பயணச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்பே வாங்கிவிட்டால் விலை வெகுவாகக் குறையும்.

தங்குவதற்குக் காலை உணவோடு அறை தரும் வீடுகளும் சிறு விடுதிகளும் உண்டு. முதல் இரண்டு இரவுகளுக்கான ஊர்களில் அறைகள் மிகக் குறைவு. ஆகவே ஸெனார், பெண்டீன் ஆகிய ஊர்களின் அறைகளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அவற்றுக்கேற்ப மற்ற நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். ஸெனாரில் அறை கிடைக்காவிட்டால், செயின்ட் ஐவ்ஸிலேயே இரண்டு இரவு தங்கி, முதல் நாள் மாலை பேருந்தில் திரும்பி, மறுநாள் காலை மீண்டும் பேருந்தில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோடையில் இந்தக் கடலோர ஊர்களை இணைத்துப் பேருந்து ஓடுகிறது. அதன் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதையோரத்தில் கூடாரம் அடித்துத் தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெரிய பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. சிக்கனம் கருதி அதைத் தவிர்க்க நினைப்பவர்கள், ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்தாவது இந்தச் செலவைச் செய்யுங்கள் என்பேன். பாறையில் கையூன்றி இறங்க வேண்டிய இடங்களில் முதுகில் 12 கிலோ இருப்பதற்கும் 4 கிலோ இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முழங்கால்கள் அறியும்.

பகல் பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நன்கு பழகிய, கணுக்கால் வரை மூடிய காலணியை இருவரும் அணிய வேண்டும். புதுக் காலணியோடு வந்து இறங்காதீர்கள். காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை ஜூன் மாதத்திலும் வேண்டும். குடை இந்தக் காற்றில் பயன்படாது. முழுக்கால் சட்டை அணிந்தால் முள் கோர்ஸிலிருந்தும் பெரணிப் புதர்களில் இருக்கும் உண்ணியிலிருந்தும் பாதுகாப்பு. இரவில் ஒருவர் மற்றவருடைய முழங்கால் மடிப்பிலும் முதுகிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நடைக்கோல், சிறு விளக்கு ஆகியவற்றோடு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் 102ஆம் எண் எக்ஸ்புளோரர் வரைபடமும் கட்டாயம் வேண்டும். அதில் 4 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். பாதை பச்சை வைரக் குறிகளாகவும் பழைய கோட்டைகள் தனி எழுத்துருவிலும் அச்சிடப்பட்டிருக்கும். கைபேசிச் சமிக்ஞை பாறைச் சரிவுகளில் அடிக்கடி அறுந்துவிடுவதால் தாள் வரைபடத்தை நம்புவதே சரி. வழியில் எங்கெல்லாம் ஏகார்ன் என்னும் ஓக் கொட்டையின் படம் செதுக்கிய கட்டையைக் காண்கிறீர்களோ, அதுவே உங்கள் பாதை.

முதல் இரண்டு நாட்கள்: செயின்ட் ஐவ்ஸிலிருந்து பெண்டீன் வரை

செயின்ட் ஐவ்ஸின் போர்த்மியோர் கடற்கரையைத் தாண்டியதும் ஊர் சட்டென்று மறைந்துவிடும். ஸெனார் வரை உள்ள 10 கிலோமீட்டரில் ஒரு கடை கிடையாது, குடிநீர் கிடையாது. மதிய உணவைச் செயின்ட் ஐவ்ஸிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு என்னும் கிழங்கு ஆகியவற்றை மாவில் மடித்துச் சுட்ட பேஸ்ட்டிதான் இந்த நிலத்தின் கட்டுச்சோறு. இறைச்சி உண்ணாதவர்களுக்குப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். தாளில் இறுகச் சுற்றிப் பையில் வைத்தால் நண்பகல் வரை இளஞ்சூடாக இருக்கும்.

இந்த முதல் நாள்தான் மொத்தப் பயணத்திலும் கடினமானது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு புறப்படுங்கள். ஏற்றங்கள் உயரமானவை அல்ல. ஆனால் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுவது முடிவே இல்லாமல் தொடரும். இடையில் சேற்று நிலத்தில் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவ வேண்டும், சில இடங்களில் இரு கைகளாலும் பாறையைப் பற்றி இறங்க வேண்டும். இறங்கும் இடங்களில் உறுதியாகக் கால் வைப்பவர் முன்னே சென்று, அடுத்தவர் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கலாம். சமநிலத்தில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். நாங்கள் இரண்டாம் முறை இந்த ஒரு மாற்றத்தைச் செய்தபோது, யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. கடலுக்குள் தெரியும் காராக்ஸ் பாறைகளைக் கண்டதும் நின்று பாருங்கள். அங்கே சாம்பல் நிறக் கடல்நாய்கள் கிடப்பதுண்டு.

ஸெனார் ஊர் பாதையிலிருந்து சிறிது தூரம் உள்ளே இருக்கிறது. மாலை வெளிச்சம் இருந்தால் செயின்ட் செனாரா தேவாலயத்துக்குள் சென்று, பக்கவாட்டில் கடற்கன்னி செதுக்கிய மர இருக்கையைப் பாருங்கள். ஒரு கையில் சீப்பும் மறு கையில் கண்ணாடியும் வைத்திருக்கும் அவளுடைய வயிற்றுப் பகுதி, பல தலைமுறைகளாகக் கைபட்டு வழவழப்பாகியிருக்கிறது.

இரண்டாம் நாள் கர்னார்ட்ஸ் ஹெட் முனையில் முதல் கோட்டையைச் சந்திப்பீர்கள். கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனையின் குறுகிய கழுத்தில் குறுக்காகக் கல்லையும் மண்ணையும் குவித்துக் கரை எழுப்பிவிட்டால், மற்ற மூன்று பக்கங்களையும் கடலே காத்துக்கொள்ளும். இரும்புக் காலத்து மக்கள் இந்தக் கடற்கரையில் முனைக்கு முனை கையாண்ட முறை இதுவே. புதியவர்களின் கண்ணுக்கு அது வெறும் புல் மேடாகத்தான் படும். கழுத்துப் பகுதியில் நின்று, இடமும் வலமும் திரும்பி, கரை ஒரு கடல் விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை செல்வதைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். மேடு மதிலாகத் தெரியத் தொடங்கும். இந்தப் பயிற்சி ஐந்தாம் நாளில் சென்னனுக்கு அப்பாலுள்ள மேன் காசிலிலும், கடைசிக் கட்டத்தில் ட்ரீன் டினாஸிலும் உதவும்.

1900ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட பெண்டீன் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டுவிட்டால் கடினமான பகுதி முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள்: சுரங்கங்களின் கடற்கரை

பெண்டீனிலிருந்து கேப் கார்ன்வால் வரை ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மழை பெய்தால் கீவர் சுரங்கத்தில் காலைப் பொழுதைக் கழிக்கலாம். 1990இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, நிலத்தடிக்கும் அழைத்துச் செல்கிறார்கள்.

பாதையோரத்தில் கூரையிழந்து நிற்கும் உயரமான கருங்கல் கட்டடங்களைத் தேவாலயம் என்றோ கோட்டை என்றோ நினைப்பவர்கள் உண்டு. அவை எஞ்சின் கட்டடங்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்காவிட்டால் ஒரு நாள்கூடத் தோண்ட முடியாது. அந்த இறைப்புக்காகவே இவை எழுந்தன. நம் கிணற்றடி ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் இதன் இயக்கம் எளிதில் விளங்கும். ஏற்றத்துக்குத் துலா எப்படியோ, அப்படி இங்கே ஒரு பெரிய வார்ப்பிரும்புத் தண்டு. அதன் ஒரு பாதி கட்டடத்துக்குள் நீராவி உருளையின் மேலும், மறு பாதி வெளியே சுரங்க வாயின் மேலும் இருக்கும். உள்ளே நீராவி ஒரு முனையை இழுக்க, வெளி முனை மேலெழுந்து, ஆழத்திலுள்ள நீரேற்றிகளை இயக்கும். அந்தத் தண்டின் எடை முழுவதையும் ஒரே சுவர் தாங்க வேண்டும். ஆகவே நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருமனாகவும், உச்சிவரை உயராமல் தண்டு அசைய இடம்விட்டும் கட்டப்பட்டிருக்கும். அந்தத் தடித்த சுவரைக் கண்டுபிடித்து அதற்கு முதுகைக் காட்டி நின்றால், உங்கள் எதிரேதான் சுரங்க வாய். புகைபோக்கியையும் கூர்ந்து பாருங்கள்: அடிப்பகுதி கருங்கல்லாகவும் உச்சி செங்கல்லாகவும் இருக்கும்.

லெவண்ட் சுரங்கத்தில் 1840இல் கட்டப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்று பழுது நீக்கப்பட்டு, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. அது இயங்கும் நாளாக உங்கள் பயணத்தை அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. அதே வளாகத்தில் ஒரு துயர நினைவும் உண்டு. சுரங்கத் தொழிலாளர்கள் மேலும் கீழுமாக அசையும் ஒரு நீண்ட தண்டில் பொருத்திய படிகளில் மாறி மாறிக் கால்வைத்து ஏறி வருவார்கள். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்தத் தண்டின் மேற்பிணைப்பு முறிந்து விழுந்ததில் 31 பேர் இறந்தார்கள். அந்தக் குழியின் விளிம்பில் பேச்சைக் குறைத்துச் சில நிமிடங்கள் நின்றுவிட்டுச் செல்லுங்கள்.

போட்டலாக்கில் கிரவுன்ஸ் எனப்படும் இரண்டு எஞ்சின் கட்டடங்கள் மலைச் சரிவின் அடியில், அலை தெறிக்கும் உயரத்தில், பாறையோடு பாறையாக நிற்கின்றன. இங்கிருந்து சுரங்கம் கடற்படுகைக்கு அடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் சென்றது. புயல் நாட்களில் தலைக்கு மேலே கடலடிப் பாறைகள் உருளும் ஓசை உள்ளே கேட்டதாகச் சுரங்கத்தைப் பற்றிய பழைய குறிப்புகள் கூறுகின்றன. மேல் கட்டடத்தின் அருகே பெரிய கருங்கற்களைத் தொட்டுப் பார்த்தேன்: கடற்பக்கம் உப்புக் காற்றில் சொரசொரப்பாக இருந்தது, நிலப்பக்கம் பாசி படர்ந்து ஈரமாக இருந்தது. கற்களின் இடையே சாந்து உதிர்ந்த பிளவில் திரிஃப்ட் செடி வேர்விட்டிருந்தது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகமும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் இதே வெள்ளீயம்தான் என்று அங்கே நின்று என் கணவரிடம் சொன்னபோதுதான், அந்த உலோகத்தைத் தோண்டியெடுக்க எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது என்பது எனக்கே உறைத்தது.

மாலை வெயில் மேற்கிலிருந்து விழும்போதுதான் கிரவுன்ஸ் கட்டடங்கள் முழு வடிவத்தோடு தெரியும். இயன்றால் மூன்று மணிக்குப் பிறகு அங்கே இருங்கள். இந்தப் பகுதியில் மூன்று எச்சரிக்கைகள் முக்கியமானவை. வட்டமான கற்சுவர் எழுப்பப்பட்ட இடமெல்லாம் சுரங்க வாய் என்பதால் அவற்றின் மேல் ஏறவோ சாய்ந்து எட்டிப் பார்க்கவோ கூடாது. புல் விளிம்பின் அடியில் மண் சரிந்திருக்கக்கூடும் ஆகையால், படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு விளிம்புக்குச் செல்லக்கூடாது. தாதுவிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்தெடுத்த வளைந்த அறைகளின் இடிபாடுகள் போட்டலாக்கில் இருக்கின்றன. அங்கே மண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

கேப் கார்ன்வால் முனையின் உச்சியில் 1864ஆம் ஆண்டுப் புகைபோக்கி தனியே நிற்கிறது. சுரங்கம் மூடிய பின்னரும் கப்பல்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று அதை விட்டுவைத்தார்கள். அன்றிரவு உள்ளே இருக்கும் செயின்ட் ஜஸ்ட் ஊரில் தங்கலாம். கடைகளும் அடுமனைகளும் உள்ள ஊர் என்பதால், களைத்திருந்தால் ஓய்வு நாளையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

நான்காம், ஐந்தாம் நாட்கள்: லேண்ட்ஸ் எண்டைச் சுற்றி

கேப் கார்ன்வாலை விட்டுச் சிறிது ஏறியதும் பல்லோவால் என்னும் வெண்கலக் காலக் கல்லறை மேடு வரும். சுரங்கக் கழிவுகளின் அடியில் புதைந்து கிடந்த இதை 1878இல் டபிள்யூ. சி. போர்லேஸ் என்ற தொல்பொருள் ஆர்வலர் அகழ்ந்தெடுத்தார். இன்று காணும் சுவர்களில் சில அவர் காலத்தில் எழுப்பப்பட்டவை என்பதால் எல்லாவற்றையும் பழமை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கிருந்து சென்னன் கோவ் வரை நடை எளிது. கடைசி நீட்சி மணற்பாங்கானது.

மறுநாள் லேண்ட்ஸ் எண்டில் கேளிக்கைக் கூடங்களும் கடைகளும் உண்டு. என் கருத்தில் அங்கே ஒரு தேநீருக்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை. அதற்கு அப்பால் உள்ள நான்ஜிசல் விரிகுடாவில், பாறையைத் துளைத்து நிற்கும் குறுகிய இயற்கை வளைவின் அருகே இறங்கி மதிய உணவை வைத்துக்கொள்ளுங்கள். சென்னனிலிருந்து போர்த்கர்னோ வரை மொத்தம் 10 கிலோமீட்டர்தான்.

போர்த்கர்னோவுக்குச் சற்று முன்னால், பாறைச் சரிவில் ரோவினா கேட் என்ற பெண்மணி உருவாக்கிய மினாக் திறந்தவெளி அரங்கு இருக்கிறது. 1932இல் அங்கே முதல் நாடகம் நடந்தது. அரங்கின் அருகிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிகள் மிகச் செங்குத்தானவை. உயரம் கண்டு தலைசுற்றுபவர்கள் தயங்காமல் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்கலாம். இருவரில் ஒருவருக்கு அச்சம் என்றால் இருவரும் சாலையிலேயே செல்வது நல்லது. கீழே உள்ள சிறு மணற்பரப்பு நமக்கு ஒரு வகையில் நெருக்கமானது. 1870இல் பிரிட்டனை பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி கரையேறியது இங்கேதான். அந்த வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இரண்டாம் உலகப் போரின்போது பாறையில் குடைந்த சுரங்க அறைகளில் அமைந்திருக்கிறது. அதற்கு இரண்டு மணி நேரம் தேவைப்படும்.

ஆறாம் நாள்: பென்ஸான்ஸை நோக்கி

கடைசி நாளின் தூரம் 18 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து நாள் பழகிய கால்களுக்கு இது இயலும். ஆனாலும் காலை எட்டு மணிக்கே கிளம்புங்கள். ட்ரீன் டினாஸ் கோட்டையின் உச்சியில் லோகன் ராக் என்ற பெரும்பாறை இருக்கிறது. கையால் தள்ளினாலே அசையும் என்று புகழ்பெற்றிருந்த அதை 1824இல் கோல்ட்ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி தம் ஆட்களோடு நெம்பித் தள்ளிவிட்டார். ஊரார் கொதித்தெழுந்ததால் அதே ஆண்டில் அவரே மீண்டும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. பாறை உச்சிக்கு ஏற வேண்டாம். கோட்டைக் கரையிலிருந்து பார்ப்பதே போதுமானது.

செயின்ட் லோய் கரையில் பாதை உருண்டைக் கற்களின் மீது செல்கிறது. ஈரமாக இருந்தால் வழுக்கும் என்பதால் நடைக்கோலை மடக்கிவைத்துவிட்டுக் கையூன்றி நடப்பது பாதுகாப்பானது. லமோர்னாவில் களைப்புத் தோன்றினால் உள்ளே சாலைக்குச் சென்று பேருந்தோ வாடகைக் காரோ எடுத்துவிடலாம். தொடர்ந்து நடந்தால் மவுசல் என்ற மீனவ ஊர் வரும். 1981 டிசம்பர் 19 அன்று புயலில் சிக்கிய கப்பலைக் காக்கச் சென்ற மீட்புப் படகில் இந்த ஊரைச் சேர்ந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். ஊருக்கு அப்பால் பென்லீ முனையில் அந்தப் படகு நிலையம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு நினைவுத் தோட்டம் உண்டு.

வழியில் எந்த இடத்திலும் விபத்து நேர்ந்தால் 999 அல்லது 112 எண்ணை அழைத்து, கடலோரக் காவல் படை வேண்டும் என்று கேட்க வேண்டும். காயம்பட்டவரை மேலே தூக்கி வர நீங்களே முயலாதீர்கள். சமிக்ஞை இல்லாத இடங்கள் உண்டு என்பதால், அன்றைய இலக்கையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் ஒவ்வொரு காலையிலும் விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

நியூலின் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பிறகு பாதை கடற்கரைச் சாலையாக மாறி, பென்ஸான்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டியே செல்கிறது. அன்று மாலையே ரயில் ஏறும்படி பயணச்சீட்டு வாங்கிவிடாதீர்கள். வாங்கிவிட்டால் லமோர்னாவிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டியிருக்கும். பென்ஸான்ஸில் ஓரிரவு தங்கி, சேறு படிந்த காலணிகளைக் கழுவிக் காயவைத்துவிட்டு, மறுநாள் காலை ரயிலில் கிளம்புங்கள். வண்டி நகர்ந்த சில நிமிடங்களுக்கு வலப்பக்கச் சன்னலில் விரிகுடாவும் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் தீவும் தெரியும்.